எண்ணெய் குடித்த கார்

அத்தியாயம் 7

"பன்னெண்டு மணி வரைக்கும்தான் டயம்" என்றார் மெத்தைக்கடை முதலாளி. சுவர்க்கடிகாரத்தில் மணி பத்தேகால். "அதுக்குள்ள நீங்க ஆதாரம் குடுத்தீங்கன்னா ஆதாரத்தோட போலீஸுக்குப் போவேன். குடுக்கலைன்னா ஆதாரம் இல்லாமப் போவேன். போறது மட்டும் நிச்சயம்."

"அப்போ எங்களுக்கு எதுக்கு சார் ஃபீஸ்?" என்று கேட்டான் கொசுறு.

தராசு மேடம் அவன் காலை நைசாக மிதித்தார்.

கொசுறு என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் மேடத்தின் துப்பறியும் ஆபீசுக்கு வந்த ஒரு கட்சிக்காரர், பேசிய ஃபீஸில் பாதியை வெட்டிவிட்டு, "இவனையும் சும்மா வெச்சுக்குங்க மேடம்" என்று தன் மைத்துனனைத் தள்ளிவிட்டுப் போனார். திருப்பி அனுப்ப மேடம் எடுத்த முயற்சி எதுவும் பலிக்கவில்லை. மேடத்துக்குத் தராசு என்று ஊரார் பெயர் வைத்தது, யார் எதைச் சொன்னாலும் தலையை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை சாய்த்து நிறுத்துப் பார்ப்பதால். கொசுறு சொல்வதை மட்டும் நிறுப்பதில்லை. எடை தெரியும்.

வழக்கு இதுதான். மூன்று வாரமாக முதலாளியின் காரில் இன்ஜின் ஆயில் காணாமல் போய்க்கொண்டிருந்ததாம். டிரைவரைத் தவிர அந்த வீட்டில் யாரும் பானெட்டைத் திறப்பதே இல்லை என்றார் முதலாளி. இன்று காலை கடைக்கு வரும் வழியில், நட்டநடு சாலையில், பின்னாலிருந்து குபுகுபுவென்று புகை கிளம்பி வண்டி படுத்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் வண்டி ஓட்டும் டிரைவர்தான் ஆயிலைத் திருடிவிட்டார் என்பது முதலாளியின் தீர்ப்பு. அதைக் கடைக்கு வந்ததும் கல்லாவுக்கு முன்னால் நின்று, பதினோரு ஆட்களும் கேட்க, "இவன் திருடன்" என்று முழங்கியும்விட்டார்.

டிரைவர் ஒரு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நூற்றுக்கணக்கான மெத்தைகள். அவருக்கு மட்டும் மரப்பலகை.

"இவன் மச்சான் பைக் ரிப்பேர் கடை வெச்சிருக்கான் மேடம். இங்க ஆயில் குறையுது, அங்க ஆயில் விக்குது. எனக்கு முடிச்சுப் போடத் தெரியாதா?"

"சார், என் மச்சான்கூடத்தான் செருப்புக்கடை வெச்சிருக்கார்" என்றான் கொசுறு. "உங்க கடை வாசல்ல ஒரு ஜோடி காணாமப் போனா என்னைப் பிடிப்பீங்களா?"

முதலாளி அவன் காலைப் பார்த்தார். பிடிப்பார் என்றே தோன்றியது.

தராசு மேடம் டிரைவரிடம் குனிந்தார். "புகை என்ன நிறம்?"

"நீலம்மா."

"கறுப்பு இல்லையே? வெள்ளை?"

"நீலம்தாம்மா. நல்லாப் பாத்தேன்."

"வண்டியா நின்னுச்சா, நீங்க நிறுத்தினீங்களா?"

"நான்தாம்மா. கண்ணாடியில புகையப் பாத்ததும் சாவியத் திருப்பி ஆஃப் பண்ணிட்டு, இருந்த வேகத்துலயே ஓரமா உருட்டிட்டுப் போயிட்டேன்."

"கேட்டீங்களா!" என்று முதலாளி துள்ளினார். "நல்லா ஓடிட்டிருந்த வண்டிய அவனே நிறுத்தியிருக்கான். வாக்குமூலம்!"

மேடத்தின் தலை இடது பக்கம் சாய்ந்தது. பிறகு வலது பக்கம். "ஒரு மணி நேரத்துல வரோம்" என்று கிளம்பினார். வாசலைத் தாண்டுகையில் கொசுறு திரும்பிப் பார்த்தான். டிரைவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார். கடை ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஈரத்தரையைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி.

மெக்கானிக் ஷெட்டில் கார் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மெக்கானிக் அதன் வயிற்றுக்குள் இடுப்பளவு போயிருந்தார். வெளியே வந்தபோது முகத்தில் கண்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன.

"நீங்கதான் துப்பறியறவங்களா? வாங்க. இந்த வீட்டு வண்டிய நான்தான் பாக்கறேன். ஒரு மாசம் முன்னாடி சர்வீஸ் பண்ணி ஆயில் மாத்தி அனுப்பினேன். குதிரை மாதிரி போச்சு. இப்பப் பாருங்க, பேச்சு மூச்சு இல்ல."

"இன்ஜின் எப்படி வேலை செய்யுதுன்னு இவனுக்கு ரெண்டு வார்த்தையில சொல்லுங்க" என்றார் மேடம். தனக்குத் தெரியாத விஷயங்களை அவர் எப்போதும் கொசுறின் பெயரில்தான் கேட்பார்.

மெக்கானிக் முஷ்டியை மடக்கி இன்னொரு கையின் குழிக்குள் மேலும் கீழும் ஆட்டினார். "இது பிஸ்டன், இது சிலிண்டர். பிஸ்டன் கீழ எறங்கும்போது காத்தையும் பெட்ரோலையும் உள்ள இழுக்கும். மேல ஏறும்போது ரெண்டையும் சேத்து அமுக்கும். அமுக்கின நேரத்துல பிளக்கு ஒரு பொறி போடும், டப்புன்னு வெடிக்கும். அந்த வேகத்துல பிஸ்டன் கீழ போகும், அது கிராங்க் தண்டைச் சுத்தும், சக்கரம் ஓடும். மறுபடி மேல வரும்போது புகைய வெளிய தள்ளும். இழு, அமுக்கு, வெடி, தள்ளு. அவ்வளவுதான் இன்ஜின்."

"எங்க மாமனார் வீடும் இதேதான்" என்றான் கொசுறு. "அன்பா உள்ள இழுத்தாங்க, ஒரு மூலையில அமுக்கினாங்க, ஒரு நாள் வெடிச்சுது, வெளிய தள்ளிட்டாங்க. நடுவுல ஆயில் எதுக்குண்ணே?"

"இரும்பும் இரும்பும் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவ உரசுதுல்ல? ஆயில் நடுவுல படலமா நின்னு ரெண்டையும் தொட விடாது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல நிக்கிற ஆம்பள மாதிரி. அவன் இல்லைன்னா ரெண்டும் தேஞ்சு, சூடாகி, ஒட்டிக்கிட்டு நின்னுடும்."

"அப்போ ஆயிலைத் திருடினா இன்ஜின் போயிடும்?"

"போயிடும். ஆனா..." மெக்கானிக் இடுப்பில் செருகியிருந்த ஸ்பானரை எடுத்து முதுகைச் சொறிந்துகொண்டார். "அந்த நீலப் புகைதான் எனக்கு இடிக்குது. கறுப்புப் புகைன்னா பெட்ரோல் அதிகமா எரியுது. விடாம வெள்ளையா வந்தா உள்ள தண்ணி இறங்குது. நீலம்னா ஆயில் எரியுது. இல்லாத ஆயில் எப்படி மேடம் எரியும்?"

தராசு மேடத்தின் தலை இரண்டு பக்கமும் சாயாமல் நேராக நின்றது. இரண்டு வருஷத்தில் கொசுறு அதை மூன்று முறைதான் பார்த்திருக்கிறான்.

"அடியில இருக்கிற ஆயிலை எறக்குங்க" என்றார்.

"என்ன மேடம், ஒரு டம்ளர் தேறினா அதிசயம். அந்த முதலாளி மூணு வாரமா போன் போட்டுக் கத்தறாரு."

"எறக்குங்களேன்."

மெக்கானிக் வண்டிக்குக் கீழே ஒரு தட்டைத் தள்ளினார். நாலு லிட்டர் பிடிக்கும் தட்டு. இந்த இன்ஜினின் கொள்ளளவும் அதுவேதான். போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் விரல் பருமனுக்கு இறங்கியது. கொசுறு குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். தட்டு கால்வாசி நிறைந்தது. பாதி நிறைந்தது. முக்கால்.

"நிறுத்துண்ணே, நம்பிட்டோம்" என்றான்.

நிற்கவில்லை. தட்டு விளிம்பு வரை வந்து, வழிந்து, சிமெண்டுத் தரையில் நடந்து, கொசுறின் ஒரே நல்ல பேண்டின் அடியில் புகுந்தது. மெக்கானிக் அலறிக்கொண்டே ஒரு பக்கெட்டை எடுத்து ஓடிவந்தார். கடைசிச் சொட்டு விழுந்தபோது மொத்தக் கணக்கு ஆறரை லிட்டர்.

"திருட்டுப் போச்சுன்னு புகார் குடுத்த வீட்ல பீரோவத் தொறந்தா, நகை கூடுதலா இருக்கே!" என்றான் கொசுறு, ஒற்றைக் காலில் நின்றபடி.

மெக்கானிக் ஆயிலைத் தொட்டுக் கட்டைவிரலில் தேய்த்தார். "அடப்பாவிகளா. அளவுக்கு மேல ஊத்திட்டா, கிராங்க் சுத்தும்போது ஆயிலுக்குள்ளயே முங்கி முங்கி அடிக்கும் மேடம். சோப்புத் தண்ணிய அடிக்கிற மாதிரி நுரைச்சுக்கும். நுரையில ஏது வழவழப்பு? பம்பு ஆயிலுக்குப் பதிலா காத்தை உறிஞ்சும். உள்ள அழுத்தம் ஏறி, ஆயில் காத்துக் குழாய் வழியா சிலிண்டருக்குள்ளயே புகுந்து எரியும். அதான் நீலப் புகை. பிளக்கு நாலும் ஆயில்ல குளிச்சிருக்கு, எங்க பொறி வரும்? ஆயில் வெளிய வராம அடைச்சு வெக்கிற சீல் பக்கமெல்லாம் கசிஞ்சிருக்கு பாருங்க."

"முதலாளி வீட்ல, வண்டி நிக்கிற எடத்துல ஆயில் கறை இருக்காம். திருடும்போது சிந்தினதுன்னு சொன்னார்" என்றார் மேடம்.

"திருடுனதா? வயிறு முட்டி வாந்தி எடுத்திருக்கு!"

"இன்ஜின் பிழைக்குமா?"

"பிழைக்கும். புகையப் பாத்ததும் அந்த டிரைவர் ஆஃப் பண்ணாரே, அதனாலதான். இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா பேரிங்கெல்லாம் அரைஞ்சு, இன்ஜினைத் தராசுல போட்டு இரும்பு விலைக்குத்தான் வித்திருக்கணும்." தராசு என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். மேடம் காதில் விழாத மாதிரி கைப்பையை மாட்டினார். மணி பதினொன்று.

முதலாளியை வீட்டுக்கு வரச் சொல்லிப் போன் போட்டார்கள். அவர் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டே வந்து இறங்கினார். பேசிய கையோடு மேடத்திடமும் பேசினார். "கெடைச்சுதா ஆதாரம்?"

வீட்டு முன்புறம் வண்டி நிற்குமிடத்தில் புதுச் சிமெண்டு பளபளத்தது. அதன்மேல் தட்டு அளவுக்கு ஓர் ஆயில் கறை. சத்தம் கேட்டு முதலாளியின் மனைவி பூவாளியுடன் வந்தார். முதலாளியின் தம்பி, சின்னவர் என்று எல்லோரும் கூப்பிடுகிற முப்பது வயது ஆசாமி, பல் குச்சியுடன் வந்தார்.

தராசு மேடம் கறையருகே குனிந்து உள்ளங்கையை அதில் நன்றாகப் பதித்து எழுந்தார். கை கறுப்பாகியிருந்தது.

"அடடா, புடவையில பட்டுடப் போகுது. ஆயில் துடைக்கிற பழைய துணி எதாவது இருக்குமா?"

"இதோ" என்று மூன்று குரல் ஒன்றாகக் கேட்டது. மூன்று பேர் மூன்று திசையில் ஓடினார்கள். முதலாளி செருப்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்துவந்தார். அவர் மனைவி பூந்தொட்டி வரிசைக்கு நடுவிலிருந்து ஒன்று. சின்னவர் மாடிப்படிக்குக் கீழே கைவிட்டு ஒன்று. வந்து நின்ற பிறகுதான் மூவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். மூன்று துணியிலும் ஆயில் திட்டுத் திட்டாக இருந்தது.

கொசுறு ஆர்வத்தோடு மூன்றையும் முகர்ந்தான். "டிரைவரைத் தவிர யாருமே பானெட்டைத் தொறக்காத வீடுன்னு சொன்னீங்களே சார். இங்க ஒரு ஷெட்டே நடக்குது போலிருக்கே?"

மேடம் மூன்று துணியையும் வாங்கிக்கொண்டார். எதிலும் கையைத் துடைக்கவில்லை. "முதலாளி, உங்க வண்டியில ஆயில் குறையல. ரெண்டரை லிட்டர் அதிகமா இருந்துச்சு. அதுலதான் மூச்சு முட்டிப் படுத்துடுச்சு. ஊத்தினது யாரு?"

"நான் சோதனை பண்ணேன்" என்றார் முதலாளி. "மூணு வாரம் முன்னாடி ஆயில் அளவு பாக்கிற கம்பிய எடுத்துப் பாத்தேன், காய்ஞ்சு வந்துச்சு. யாருக்கும் சொல்லாம அரை லிட்டர் ஊத்தினேன். மறுநாள் பாத்தா, அப்பவும் காய்ஞ்சுதான் வருது! நான் ஊத்தின அரை லிட்டரையும் அடிச்சுட்டான். இன்னொரு அரை ஊத்தினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாள் ஆயில் கம்பியோட கோட்டுக்கு மேலயே இருந்துச்சு."

"அப்ப என்ன நெனச்சீங்க?"

"திருடன் பயந்துட்டான்னு நெனச்சேன்."

முதலாளியின் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "நல்லா நெனச்சீங்க! தினம் காலையில எழுந்ததும் அந்த மனுஷனைத் திருடன் திருடன்னா, காது குடுத்துக் கேக்க முடியுதா? அவரு வாயத் தொறந்து ஒரு வார்த்தை எதுத்துப் பேசறதில்ல. சரி, குறையாம இருந்தா பேச்சு வராதேன்னு, செடிக்குத் தண்ணி ஊத்தும்போது வண்டிக்கும் ஒரு டம்ளர் ஆயில் ஊத்திடுவேன். வாரத்துக்கு ரெண்டு தடவ."

"அளவு பாத்தீங்களாம்மா?"

"செடிக்கு யாராவது அளவு பாத்தா ஊத்துறாங்க?"

எல்லோரும் சின்னவரைப் பார்த்தார்கள். அவர் பல் குச்சியை விழுங்கிவிடுவார் போலிருந்தது. "அண்ணே, கோச்சுக்காதீங்க. சாயங்காலம் நீங்க குட்டித்தூக்கம் போடும்போது வண்டிய எடுத்துட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வருவேன். நீங்கதான் ஆயில் அளவு பாக்கறீங்களே, குறைஞ்சிருந்தா நான் எடுத்தது தெரிஞ்சிடும்னு, வந்ததும் கொஞ்சம் ஊத்தி வெச்சிடுவேன்."

"ஏண்டா, ஆயில் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்றதுக்கு?"

"அது எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"ஆளாளுக்கு ஊட்டி விட்டுட்டு, சாப்பாடு திருடு போச்சுன்னு கேஸ் குடுத்திருக்காங்க மேடம்" என்றான் கொசுறு. "நாம கெளம்பலாம்."

"இரு தம்பி" என்றார் முதலாளி. முப்பது வருஷம் கணக்கு வழக்கில் ஊறிய மூளை. அவமானத்திலும் தராசு முள்ளைப் பார்க்கத் தவறாது. "ஊத்தினோம், ஒத்துக்கறேன். ஆனா நாங்க யாரும் ஊத்தறதுக்கு முன்னாடி, மொத மொத நாள் கம்பி காய்ஞ்சு வந்துச்சே? சர்வீஸ் பண்ணி ஒரு வாரம்கூட ஆகல. அதை எடுத்தது யாரு? அன்னைக்கு எடுத்தவன் திருடன்தானே? பதில் சொல்லுங்க. மணி பதினொண்ணரை."

அந்த மரஸ்டூலும், முழங்காலில் வைத்த கைகளும் கொசுறின் கண்முன் வந்தன. ஒருவேளை அந்த ஆள் முதல் நாள் மட்டும் எடுத்திருப்பாரோ? மச்சான் கேட்டால் யாருக்குத்தான் மறுக்க முடிகிறது?

தராசு மேடம் அசரவில்லை. "அம்மா, ஒரு பெரிய தட்டுல கொஞ்சமா தண்ணி கொண்டு வாங்க. தட்டு தட்டையா இருக்கணும்."

தட்டு வந்தது. மேடம் அதைப் புதுச் சிமெண்டில், ஆயில் கறைக்கு மேலேயே வைத்தார். தண்ணீர் அப்படியே வாசல் பக்கம் ஓடித் தேங்கியது. வீட்டுப் பக்கத்துப் பாதித் தட்டு பொட்டு ஈரமில்லாமல் மினுங்கியது.

"இந்தத் தரை எப்பப் போட்டது?"

"மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வருதுன்னு..." முதலாளியின் குரல் பாதியில் இறங்கியது. "வீட்டுப் பக்கம் உசத்தி, தெருப் பக்கம் சரிவா... மூணு வாரம்."

"வண்டி மூக்கு வீட்டப் பாத்து நிக்கும். மூக்கு மேல, வால் கீழ. அளவு பாக்கிற கம்பி உங்க இன்ஜின்ல முன்பக்கம். ஆயில் பூரா பின்பக்கம் ஓடிடும். கம்பி காய்ஞ்சுதான் வரும். யாரும் எதையும் எடுக்கல முதலாளி. உங்க சாட்சி சரிவுல நின்னு சாட்சி சொல்லியிருக்கு."

முதலாளியின் மனைவி மெதுவாகச் சொன்னார்: "டிரைவர் பாக்கும்போது தெருவுக்கு எடுத்துட்டுப் போயி, சமமா இருக்கிற எடத்துல நிறுத்தி, கொஞ்ச நேரம் ஆறவிட்டுத்தான் கம்பிய எடுப்பாரு. நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன்."

"அவர் ஏன் மூணு வாரமா பாக்கல?" என்று கேட்டான் கொசுறு.

முதலாளி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பானெட்டைத் தொடக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்" என்றார்.

கடைக்குத் திரும்பியபோது பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம். டிரைவர் அதே ஸ்டூலில் இருந்தார். போலீஸ்தான் வந்துவிட்டதென்று நினைத்தோ என்னவோ, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கொசுறு ஓடிப்போய் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். டிரைவர் கேட்டு முடித்து, "இன்ஜின் தப்பிச்சுதா?" என்று மட்டும் விசாரித்தார். பிறகு, வண்டிச் சாவியை எடுத்துக் கல்லா மேஜையில் வைத்தார்.

முதலாளிக்கு முகம் வெளுத்தது. "என்ன இது? அதான் நீ எடுக்கலைன்னு ஆயிடுச்சே! சம்பளம் ஏத்தித் தரேன்."

"வேண்டாங்க. ஏத்த வேண்டாம். சொன்ன வார்த்தையத் திருப்பி எடுத்துக்குங்க."

"எடுத்துக்கிட்டேன். ரூமுக்கு வா, கதவச் சாத்திட்டு நல்லபடியா சொல்றேன்."

"சொன்னது கல்லா முன்னாடி, பதினோரு பேர் முன்னாடி."

இங்கேதான் முதலாளிக்குப் பிறவிக்குணம் எழும்பியது. "மானேஜரைக் கூப்பிடறேன். அவன் ஒருத்தன் போதும்ல?"

"பதினொண்ணு."

"நாலு பேர். பழைய ஆளுங்களா."

"பதினொண்ணுங்க."

"ஏழு! மத்தவங்க எல்லாம் நேத்து வந்தவங்கப்பா!"

டிரைவர் சாவியை மேஜையின் நடுவிலிருந்து முதலாளியின் பக்கமாக விரலால் இன்னும் கொஞ்சம் தள்ளினார். இந்த ஊரில் இந்த மனிதரிடம் ஒரு பைசா குறைக்காமல் பேரம் பேசிய முதல் ஆள் இவர்தான் என்று கொசுறுக்குத் தோன்றியது. கைதட்ட வேண்டும் போலிருந்தது. மேடத்தின் செருப்பைப் பார்த்து அடங்கினான்.

முதலாளி பெருமூச்சு விட்டுக் கையைத் தட்டினார். மெத்தைகளுக்கு நடுவிலிருந்து ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். விலை பார்க்க மெத்தையில் படுத்திருந்த ஒரு தம்பதியும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"காலையில ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தார் முதலாளி.

"யாரு தப்பு?" என்றார் டிரைவர்.

முதலாளி ஆட்கள் பக்கம் திரும்பினார். "என் தப்பு. இவர் ஆயிலைத் திருடல. யாருமே திருடல. எனக்கு அளவு பாக்கத் தெரியல, தெரிஞ்சவரை நான் பாக்க விடல. இன்னைக்கு வண்டி தப்பிச்சதே இவராலதான். திருடன்னு சொன்னது தப்பு. மன்னிச்சுக்கணும்."

டிரைவர் ஒவ்வொரு முகமாக எண்ணினார். பத்தில் நின்றது.

அப்போது கிடங்குக் கதவு திறந்தது. தலையணை மூட்டைக்குப் பின்னால் முகமே தெரியாத ஓர் ஆள் தடுமாறி வெளியே வந்து, மூட்டையை இறக்கிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, "என்னாச்சு? போலீஸ் வந்துடுச்சா?" என்றார்.

டிரைவர் முதலாளியைப் பார்த்தார். தராசு மேடம் பார்த்தார். பத்துப் பேரும் பார்த்தார்கள். மெத்தைத் தம்பதி வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள்.

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"காலையில ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார், இந்தத் தடவை தெருவுக்கே கேட்கும்படி. "என் தப்பு."

டிரைவர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.